சிட்ரேட், கைட்டோசான், டெக்ஸ்ட்ரான், பெக்: காந்த நானோதுகளுக்கு எந்தப் பூச்சு?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாதங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “மேடம், அயர்ன் ஆக்சைடு துகள் மேல எந்தக் கோட்டிங் போட்டா செல் நிறைய உள்ள எடுத்துக்கும்?” எந்த செல், எந்த மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்), உள்ளே போன பிறகு துகள் என்ன வேலை செய்யவேண்டும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் நாலைந்து பூச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் பிடிபடும்.

முதலில் கரு, அதாவது பூச்சுக்கு உள்ளே இருக்கும் காந்தத் துகள். ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் விகிதத்தில் கலந்து அம்மோனியா விட்டால் கரேலென்று மேக்னடைட் என்ற காந்த அயர்ன் ஆக்சைடு இறங்கிவிடும். ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவுத் துகள்கள். 1981-ல் மஸார் வெளியிட்ட வழி. கல்லூரி லேபுக்கு இன்றும் இதுதான் கட்டுப்படியாகும். பீக்கர் ஓரத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கருப்பு முழுவதும் அந்தப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் தண்ணீர் தெளிந்தால், துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டிருக்கின்றன. பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் திரவமே மொத்தமாகக் காந்தத்தை நோக்கிச் சாயும், தண்ணீர் லேசில் பிரியாது. இந்தச் சோதனையில் தேறாத துகளை செல் மேல் ஊற்றுவதில் பயனில்லை.

செல்லின் வெளிப்புறம் சியாலிக் அமிலமும் ஹெப்பரான் சல்பேட்டும் நிறைந்த சர்க்கரைச் சங்கிலிகளால் மூடியிருக்கிறது. அதனால் அது எதிர்மின் சுமை கொண்டது. நேர்மின் பூச்சு போட்டால் துகள் சட்டென்று ஒட்டும், ஒட்டியது உள்ளே போகும் என்பதுதான் கைட்டோசான், பாலிஎத்திலீன்இமைன் இரண்டுக்கும் பின்னால் உள்ள கணக்கு. கணக்கு சரிதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

காசிமேட்டில் இறால் உரிக்கும் இடங்களில் குவியும் ஓட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கைட்டோசான் மேல் தனிப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தை நான் மதிக்கிறேன். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கி, மிஞ்சும் கைட்டினைக் கெட்டியான சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அசிட்டிக் அமிலத்தில் அழகாகக் கரையும், துகள் மேல் நன்றாகப் படியும், துகள் மேற்பரப்பின் சுமையைக் காட்டும் ஜீட்டா பொட்டன்ஷியலும் நேர்மின்னாக வரும். அதே துகளை பிஎச் 7.4 உள்ள மீடியத்தில் விட்டதும் கதை மாறிவிடும். கைட்டோசானின் அமீன்கள் பிஎச் 6.5-ஐத் தாண்டினால் சுமையை இழக்கத் தொடங்கும். இளஞ்சிவப்பு மீடியத்தில் பழுப்பு மேகம் திரளும், கொஞ்ச நேரத்தில் அது அடியில் இருக்கும் செல்கள் மேல் வண்டலாக உட்காரும். பிறகு இரும்பை அளந்தால் எண் பெரிதாகத்தான் வரும். அது செல் எடுத்துக்கொண்ட இரும்பு அல்ல, செல் மேல் விழுந்த இரும்பு. இதைத் தவிர்க்க ட்ரைமெத்தில் கைட்டோசான் போல நிலையான நேர்மின் சுமை கொண்ட வகைக்கு மாறலாம். இன்னொரு தொல்லை, ஓட்டிலிருந்து நீங்களே எடுக்கும் கைட்டோசானில் அசிட்டைல் நீங்கிய அளவும் மூலக்கூறு எடையும் தடவைக்குத் தடவை மாறும். அவற்றை அளக்காமல் போன மாத முடிவையும் இந்த மாத முடிவையும் ஒப்பிடக்கூடாது.

பாலிஎத்திலீன்இமைனுக்கு அந்த பிஎச் சிக்கல் இல்லை. எடுத்துக்கொள்ளும் அளவை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் முதலில் நிற்கும். ஆனால் சவ்வையே கிழிக்கும் குணம் அதற்கு உண்டு, குறிப்பாக 25 கிலோடால்டன் கிளைத்த வகைக்கு. சவ்வு ஓட்டையான செல்லுக்குள் துகள் போவதை யாரும் வெற்றி என்று எழுதக்கூடாது. டிஎன்ஏ-வையும் சேர்த்து உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றால் இதை எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சிட்ரேட் விஷயத்தில்தான் பிள்ளைகள் திகைத்துப்போகிறார்கள். எதிர்மின் துகள், எதிர்மின் சவ்வு, தள்ளிவிட வேண்டியதுதானே? தள்ளுவதில்லை. சவ்வில் ஆங்காங்கே நேர்மின் சுமையுள்ள புரதத் திட்டுகள் இருக்கின்றன. சிறிய எதிர்மின் துகள்கள் அங்கே கொத்தாக ஒட்டி உள்ளே போகின்றன. டிஎம்எஸ்ஏ என்ற சிறிய அமிலம் பூசிய எதிர்மின் மேகமைட் (இதுவும் ஒரு அயர்ன் ஆக்சைடு) துகள்களைப் பல வகை செல்கள் தாராளமாக எடுத்துக்கொண்டதை பாரிஸைச் சேர்ந்த வில்லெம், கஸோ குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். சிட்ரேட் மலிவு, செய்முறை எளிது, துகளின் அளவைப் பெருக்காது. பலவீனம் இரண்டு. மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் உப்பு நிறைந்த மீடியத்தில் பிடிப்பு தளர்ந்து துகள்கள் கட்டிகட்டும். இரண்டாவது, உள்ளே போன துகள், செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் உட்கார்கிறது. அங்கே பிஎச் 4.5 முதல் 5 வரை. இரும்பைப் பற்றும் தன்மை சிட்ரேட்டுக்கே இருப்பதால் கரு வேகமாகக் கரையும். வெளியேறும் ஃபெரஸ் அயனி ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். 24 மணி நேரத்தில் உயிரோடு இருக்கும் செல், மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

டெக்ஸ்ட்ரான், சர்க்கரைச் சங்கிலியால் ஆன இது, மருத்துவத்துக்குள் போய் வந்த பூச்சு. ஃபெரிடெக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1996-ல் அனுமதி கிடைத்தது. பூச்சோடு சேர்த்து 120 முதல் 180 நானோமீட்டர். ரத்தத்தில் செலுத்தியதும் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் (அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ்கள், அதாவது அந்நியப் பொருளை விழுங்கும் காவல் செல்கள்) அதை விழுங்கிவிடும், எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல கல்லீரல் இருண்டுபோகும். கட்டியில் குப்ஃபர் செல் இல்லாததால் அது மட்டும் வெளிச்சமாகத் தெரியும். மேக்ரோஃபேஜ் ஆசையோடு எடுத்துக்கொள்ளும் இதே துகளை ஸ்டெம் செல்லும், லேபில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுசெல்லும் லேசில் எடுக்காது. அதனால்தான் புரோட்டமின் சல்பேட் என்ற நேர்மின் புரதத்தோடு கலந்து செல்லுக்குள் ஏற்றும் முறை வந்தது. ஒரே துகளுக்கு ஒரு செல்லில் முதலிடம், இன்னொன்றில் கடைசி இடம். “எந்தப் பூச்சு சிறந்தது” என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். ஃபெரிடெக்ஸ் தயாரிப்பு 2008-ல் நின்றது. அதன் உறவான ஃபெருமாக்சிட்டால், கார்பாக்சிமெத்தில் சேர்ந்த சர்க்கரைப் பூச்சோடு சுமார் 30 நானோமீட்டர், சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009-ல் அனுமதி பெற்றது. கடும் ஒவ்வாமை குறித்த எச்சரிக்கைப் பெட்டி 2015-ல் அதன் அட்டையில் ஏறியது. சர்க்கரைப் பூச்சுதானே, ஒன்றும் செய்யாது என்று சினாப்சிஸில் (புராஜெக்ட் சுருக்கத்தில்) எழுதுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெக், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால், இதற்கெல்லாம் நேரெதிர். அதைச் சுற்றித் தண்ணீர் அடர்ந்து நிற்கும், புரதம் ஒட்டுவது குறையும், மேக்ரோஃபேஜ் கவனிக்காமல் விடும், ரத்தத்தில் அதிக நேரம் ஓடும். செல் எடுத்துக்கொள்ளும் அளவு குறைவதுதான் அதன் வேலை. ஆகவே பெக் பூசிவிட்டு எண் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். புற்றுசெல்லுக்குள் போகவேண்டுமென்றால் சங்கிலியின் நுனியில் ஃபோலேட்டோ ஆன்டிபாடியோ கட்டவேண்டும். பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி சிலரின் ரத்தத்தில் இருப்பதும் தெரிந்த விஷயம்.

இந்த ஒப்பீட்டையே புரட்டிப்போடுவது சீரம், அதாவது ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த திரவம். மீடியத்தில் 10 சதவீதம் கன்றுச் சீரம் சேர்த்த சில நிமிடங்களில் புரதங்கள் துகளைப் போர்த்திவிடும். அதன்பின் செல் தொடுவது சிட்ரேட்டையும் அல்ல, கைட்டோசானையும் அல்ல, அல்புமினையும் அதன் கூட்டாளிகளையும்தான். சீரம் இல்லாமல் எடுத்த எண்ணையும் சீரத்தோடு எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. பெக்கில் வித்தியாசம் குறைவாகவும் சிட்ரேட்டில் பெரிதாகவும் இருக்கும். அதை அளந்து எழுதினாலே நல்ல புராஜெக்ட்.

அளப்பதில் இன்னும் கறாராக இருக்கவேண்டும். பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டுப் பிரஷ்யன் நீலச் சாயம் ஏற்றினால், உள்ளே போன இரும்பு உட்கருவை ஒட்டிப் புள்ளிப் புள்ளியாக நீலம் காட்டும். வெளியே ஒட்டியது செல்லின் விளிம்பிலும், செல்லே இல்லாத கண்ணாடி மேலும் தீற்றலாகத் தெரியும். ஸ்லைடை நகர்த்தி அந்த வெற்றிடத்தையும் படம் எடுங்கள். ஒரு தட்டை 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அங்கே செல் துகளை விழுங்கும் எண்டோசைட்டோசிஸ் நின்றுவிடும், ஒட்டுவது மட்டும் நடக்கும். 37 டிகிரியில் கிடைத்த எண்ணிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே போனதன் அளவு ஓரளவு தெரியும்.

வசதி குறைந்த லேபில் ஒன்றே ஒன்றைச் செய்யலாம் என்றால் சிட்ரேட்டையும் டெக்ஸ்ட்ரானையும் ஒரே கருவின்மேல் பூசி, ஹீலாவிலும் ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜிலும், சீரத்தோடும் இல்லாமலும் பார்க்கச் சொல்வேன். இரண்டு செல் வகையும் புனே என்.சி.சி.எஸ்.-ஸிலிருந்து (தேசிய செல் அறிவியல் மையம்) வாங்கலாம். செல்லைப் பிரித்தெடுக்கவோ எம்.ஆர்.ஐ.-யில் தொடரவோ அடையாளமிடுவது நோக்கம் என்றால் என் ஓட்டு சிட்ரேட்டுக்கு. ரத்தத்தில் ஓடவேண்டுமென்றால் பெக். கட்டியைச் சூடாக்குவது வேறு கணக்கு: மூளைக் கட்டிக்காக 2010-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற நானோதெர்ம் துகள்களில் இருப்பது அமினோசிலேன் பூச்சு. அவற்றைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தி மாறும் காந்தப்புலத்தால் சூடேற்றுவதே அந்த முறை. அங்கே பூச்சு செய்யவேண்டியது, துகளைப் போட்ட இடத்திலேயே நிறுத்திவைப்பது.