பழைய வொர்க்ஸ்டேஷனில் டெபியன் 13: இன்ஸ்டாலருக்கு முழு மதிப்பெண்

ஜியான் பிராசஸரும் ஈசிசி மெமரியும் (பிழையைத் தானே திருத்தும் மெமரி) போட்ட பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 போட்டுப் பார்த்தேன். இந்த மாதிரி மெஷினுக்கு இதைவிட நம்பகமான இன்ஸ்டாலரை நான் பார்த்ததில்லை. பார்க்க அழகாக இருக்காது, பார்ட்டிஷன் பிரிக்கும் இடம் புதியவர்களை மிரட்டவும் செய்யும். ஆனால் எங்கே சிக்கியது என்பதை மறைக்காது, பழைய ஹார்டுவேரோடு மல்லுக்கட்டும்போது வேண்டியது அதுதானே.

பதிப்பு 12 வந்ததிலிருந்தே ஃபர்ம்வேர் (ஹார்டுவேருக்குள் ஓடும் சிறு மென்பொருள்) எல்லாம் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது, அதனால் நெட்வொர்க் கார்டுக்கென்று இன்னொரு பென் டிரைவைத் தேடி அலைய வேண்டாம்.

சோதனை வந்தது கடைசிக் கட்டத்தில். கிரப் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் பூட் லோடர்) போட முடியவில்லை என்று சிவப்புத் திரை வந்து நின்றது, காரணம் ஒரு வரிகூட இல்லை. டெக்ஸ்ட் மோடில்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினால் லாக் வந்துவிடும், அதில் பச்சையாக எழுதியிருந்தது: டிஸ்க் ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை), ஆனால் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை. மெஷின் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறது, டிஸ்க்கோ பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறை மெஷினில் இருந்து வந்தது, கிரப் தன் அடுத்த கட்டக் கோப்பை வைக்க இடமே இல்லை. பார்ட்டிஷன் மெனுவுக்குத் திரும்பிப் போய் 1 எம்பி ஒதுக்கி அதன் பயன்பாட்டை பயாஸ் பூட் பகுதி என்று மாற்றியதும் கிரப் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. மற்ற சில இன்ஸ்டாலர்களில் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்பதோடு கதை முடிந்துவிடும்.

அப்புறம் கறுப்புத் திரை. பழைய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் இது சகஜம்தான். கிரப் மெனுவில் ஆங்கில ‘இ’ (e) விசையை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால் திரை வந்துவிடும். இது தற்காலிக வழி, கார்டின் வேகம் முழுதாகக் கிடைக்காது, உள்ளே நுழைந்ததும் சரியான டிரைவரைப் போட்டுவிட்டு அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை முதலிலேயே மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் பவரை எடுக்கும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், நெட்டில் இருந்து நேரம் கிடைக்காத நேரம் பார்த்து, மென்பொருள்களை இறக்கிப் போடும் ஏபிடி ‘இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று அடம்பிடிக்கும், நீங்கள் நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைச் சூழல் போதும், இழுக்காமல் ஓடுகிறது. 32 பிட் பிராசஸர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதை இறக்க வேண்டாம். அவர்களுக்கான இன்ஸ்டாலர் பதிப்பு 12-உடன் நின்றுவிட்டது.