பதிவில் இல்லாத வரி: எம்.ஓ.ரி வரலாற்றை நம்பி வாங்கிய காருடன் மூன்று ஆண்டுகள்

லண்டன் ஹரோவில் இருக்கும் தம்பி ஒருவர் கடந்த வாரம் ஒரு காரின் பதிவெண்ணை அனுப்பி, "அண்ணா, எம்.ஓ.ரி வரலாறு முழுக்கச் சுத்தமாக இருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். (எம்.ஓ.ரி என்பது பிரித்தானியாவில் கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யப்படும் தகுதிச் சோதனை.) அந்தச் செய்தி வந்தபோது, என் காரின் பின்பக்கப் பிறேக் குழாய்களை மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்றிருந்தேன். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயமாகவே பேசிவிடுகிறேன். பதிவெண் ஒன்று மட்டும் கையில் இருந்தால், 2005 முதலான சோதனை முடிவுகளை அரசின் இணையத்தளத்தில் ஒரு காசு செலவில்லாமல் பார்க்கலாம் என்பது பழைய கார் வாங்குபவருக்குக் கிடைத்த பெரிய கொடை. விற்பவர் சொல்லும் கதை ஒன்று, ஆண்டுதோறும் குறிக்கப்பட்ட மைல் கணக்கு சொல்லும் கதை வேறொன்று. அதைவிட எனக்குப் பிடித்தவை அட்வைசரி எனப்படும் அந்தச் சிறு குறிப்புகள்தான், அதாவது காரைத் தவறவைக்கும் அளவுக்கு இல்லாத குறைகளைச் சோதிப்பவர் எழுதிவைப்பவை. ஓர் ஆண்டு "முன் ரயர் தேய்ந்து சட்ட எல்லையை நெருங்குகிறது" என்று எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு அந்த வரி இல்லாமற்போனால், அந்தக் கார் கவனமுள்ள ஒருவரிடம் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதே வரி நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வந்தால், சோதனை நாளில் மட்டும் காரை நினைப்பவரிடம் அது இருந்திருக்கிறது. சோதனையில் தவறி, அதே வாரத்தில் திருத்தப்பட்டுச் சித்தியடைந்த காரை, குறைகளைச் சுமந்தபடி ஒவ்வோர் ஆண்டும் தப்பிப் பிழைத்த காரைவிட மேலானதாகவே நான் கருதுவேன். இப்படி வாசிக்கப் பழகிய பிறகு, வாங்க எண்ணமே இல்லாத கார்களின் வரலாற்றையும் இரவில் உட்கார்ந்து பார்க்கும் வியாதி எனக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரி இதை இன்னும் மன்னிக்கவில்லை.

என்னுடையது 2012 ஜூனில் பதிவான, ஐந்து கதவுகள் கொண்ட ஒரு பெட்ரோல் கார். 2021 ஒக்டோபரில் வாங்குமுன் அதன் வரலாற்றை வரி வரியாகப் படித்தேன். 2020 ஜூனில் நடக்கவேண்டிய சோதனை டிசம்பரில் நடந்திருந்ததைக் கண்டு முதலில் திடுக்கிட்டு, பிறகு கொரோனாக் காலத்தில் ஆறு மாத நீடிப்பு வழங்கப்பட்டது நினைவுக்கு வந்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். 2019இலும் 2020இலும் "பின்பக்கப் பிறேக் குழாய் இலேசாகக் கறள் கட்டியுள்ளது" என்றிருந்தது. விற்பனைக்கு முன் புதிதாகச் செய்யப்பட்ட 2021 சோதனையில் அந்த வரி இல்லை. மேலே சொன்ன என் சூத்திரத்தின்படி, குழாயை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

மாற்றவில்லை. லொக் புக் எனப்படும் காரின் பதிவு ஆவணம் என் பெயருக்கு வந்த பிறகு, அதில் உள்ள 11 இலக்க எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு சோதனையும் எந்த இடத்தில் நடந்தது என்பதையும் பார்க்கலாம். விற்பவர் லொக் புக்கைக் காட்டாவிட்டால், வாங்கும் முன் இது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. முன்னைய ஆண்டுகளில் எல்லாம் ஒரே கராஜ். சுத்தமான 2021 தாள் மட்டும் வேறோர் இடத்தில் கிடைத்தது. அங்கே யாரும் பொய் எழுதினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்கக்கூடாது, குழாய் போன்றவற்றைக் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். "இலேசான" கறள் ஒருவர் கண்ணுக்கு எழுதத்தக்கது, இன்னொருவருக்குப் பனிக்காலத்தில் வீதியெங்கும் உப்புக் கொட்டும் இந்த நாட்டில் எந்தக் காருக்கும் இருப்பது. சித்தியா இல்லையா என்பதற்கு விதி உண்டு, ஆனால் அட்வைசரி பெருமளவுக்கு எழுதுபவரின் மனம். ஆகவே ஒரு வரி மறைந்துபோனால், குறை நீங்கியது என்றும் கொள்ளலாம், எழுதிய கை மாறியது என்றும் கொள்ளலாம். மூன்று ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான்.

அரிப்பு அதோடு நிற்கவில்லை. 2022 ஒக்டோபரில் என் பகுதிக் கராஜில் அந்த வரி திரும்பி வந்தது. 2023இலும் வந்தது. "இலேசாக" என்பதை நானும் என் வசதிக்கு இலேசாகவே எடுத்துக்கொண்டேன். இம்முறை கார் சித்தியடையவில்லை. விற்றவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து வரலாற்றைத் திறந்து பார்த்தால், தொடர்ந்து ஒரே குறிப்பைச் சுமந்த அந்த அக்கறையற்ற உரிமையாளர், கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு, நான்தான். நாளை இதை வாங்க வருபவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ, அதைத்தான் நான் மற்றவர்களைப் பற்றி நினைத்து வந்திருக்கிறேன்.

பதிவில் ஒருபோதும் வராதவற்றையும் சொல்லவேண்டும். எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் ஆகியவற்றின் நிலை எம்.ஓ.ரி சோதனைக்கு உட்பட்டதே அல்ல. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பவுண்ஸ் விழுங்கக்கூடியவை இவைதான். இவற்றை அறிய சேர்விஸ் பற்றுச்சீட்டுகளே வழி. என் காரில் இவை மூன்றும் இதுவரை ஒரு தொல்லையும் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஏழாயிரம் மைல் ஓடுகிறது, காலையில் ஒரே திருப்பில் எழும்புகிறது. காராகப் பார்த்தால் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

தம்பியின் காரைப் பார்த்தேன். ஒன்பது வயது, தேய்ந்த ரயர் தவிர ஒரு குறிப்பும் இல்லை, மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறது, ஒரு முறைகூடத் தவறியதில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தால், இதைவிட நல்ல வரலாறு கிடைக்காது, உடனே வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். பற்றுச்சீட்டு இன்னும் சட்டைப்பையில் இருப்பதால், வேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்டார், பதிவிலிருந்து காட்ட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. கடைசியில், சனிக்கிழமை நானும் வருகிறேன், பின் சக்கரத்துக்கு உட்புறம் கிடக்கும் அந்தக் குழாயை ரோர்ச் அடித்து நானே பார்க்கும்வரை முற்பணம் கட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.