கிரேட் ஓஷன் ரோடு: எங்கே இறங்குவது, எதைத் தாண்டிப் போவது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டார்க்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோடு சுமார் 243 கி.மீ. நீளம். மெல்பர்னிலிருந்து விடியற்காலையில் கிளம்பி அன்று இரவே திரும்புகிறவர்கள் நிறைய. வழியில் கண்ணில் படும் எல்லாப் பலகைக்கும் நிறுத்தினால் எந்த இடத்திலும் பத்து நிமிடம்கூட நிம்மதியாக நிற்க முடியாது. அதனால்தான் இந்த அலசல்.

முதலில் ஒரு விஷயம். டார்க்கீயிலிருந்து மேற்கே ஓட்டுங்கள். அங்கே வண்டி சாலையின் இடது பக்கம் ஓடும், கடலும் இடது பக்கமே வரும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் கடலோரத்தில் ஒதுங்கலாம். எதிர்த் திசையில் வந்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சாலையைக் கடந்துதான் திரும்ப வேண்டும்.

தொடக்கத்தில் வரும் ஈஸ்டர்ன் வியூ நினைவு வளைவில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஆனால் கட்டாயம் நில்லுங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை போட்ட சாலை இது. அதைத் தெரிந்துகொண்டு ஓட்டும்போது அந்தச் செங்குத்துப் பாறைகளை எப்படி வெட்டியிருப்பார்கள் என்ற எண்ணம் கூடவே வரும்.

அடுத்தது காடு. லோர்ன் ஊருக்கு மேலே எர்ஸ்கின் அருவியா, அப்போலோ பே தாண்டி வரும் மேய்ட்ஸ் ரெஸ்டா? அருவி சுமார் 30 மீட்டர் உயரம், அழகுதான். ஆனால் சாலையை விட்டு விலகி மேலே ஏறிப் போய், நிறையப் படி இறங்கி, அதே படிகளில் ஏறித் திரும்ப வேண்டும். மேய்ட்ஸ் ரெஸ்ட் சாலையோரத்திலேயே இருக்கிறது. பெரணி மரங்களுக்கும் பழைய பீச் (beech) மரங்களுக்கும் நடுவே 800 மீட்டர் சுற்றுப் பாதை, அரை மணியில் முடிந்துவிடும். ஒரு நாள் பயணம் என்றால் மேய்ட்ஸ் ரெஸ்ட்தான்.

சரி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பொருள்படும் ட்வெல்வ் அப்போசல்ஸா, அங்கிருந்து சில நிமிடத்தில் வரும் லாக் ஆர்ட் கார்ஜா?

அப்போசல்ஸ் பிரம்மாண்டம். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்கள். அவை பன்னிரண்டாக ஒருபோதும் இருந்ததில்லை. 2005 ஜூலையில் ஒன்று நொறுங்கி விழுந்தது, இப்போது எட்டு என்று எண்ணுகிறார்கள். வண்டியைச் சாலையின் மறுபக்கம், கடலுக்கு எதிர்ப்பக்கமாக நிறுத்திவிட்டு, சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதை வழியாக நடந்து பார்வை மேடைக்குப் போக வேண்டும். கூட்டம் எப்போதும் இருக்கும். மேலேயிருந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். பக்கத்தில் கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படி இறங்கினால் மணலில் நின்று இரண்டு தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் கடல் கொந்தளித்தால் அந்தப் படிகளை மூடிவிடுவார்கள்.

லாக் ஆர்டில் நீங்கள் காட்சிக்கு உள்ளேயே நிற்கிறீர்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த பாறைச் சுவர், நடுவே குறுகிய வாசல் வழியாக வரும் அலை, காலடியில் சின்ன மணல்திட்டு. 1878 ஜூன் 1 அதிகாலையில் 'லாக் ஆர்ட்' என்ற கப்பல் மெல்பர்னை நெருங்கும் வேளையில் இங்கேதான் பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவரான டாம் பியர்ஸ் என்ற இளைஞர், அலையில் தத்தளித்த ஈவா கார்மைக்கேலை நீந்திப் போய் இந்த மணலுக்கு இழுத்து வந்தார். பிறகு பாறைமேல் ஏறிப் போய் ஆட்களை அழைத்து வந்தார். அந்த மணலில் நின்று சுவரை நிமிர்ந்து பார்த்தால், அதில் எப்படி ஏறினார் என்று மனம் கலங்கிவிடும்.

பக்கத்தில் கடலுக்குள் நிற்கும் இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்றே பெயர். 2009 வரை அவை ஒரே வளைவாக இருந்தன, நடுக்கூரை அந்த ஆண்டு விழுந்துவிட்டது. அலை பாறையைக் குடைந்து குகையாக்கும், குகை வளைவாகும், வளைவு உடைந்து தூணாகும். அப்போசல்ஸும் இப்படிப் பிறந்தவைதான். அந்தக் கதையை இவ்வளவு பக்கத்தில் காட்டும் இடம் லாக் ஆர்ட். என் கணக்கு இதுதான்: அப்போசல்ஸுக்கு அரை மணி, லாக் ஆர்டுக்கு ஒன்றரை மணி. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம்.

இன்னும் மேற்கே போக நேரம் இருந்தால் லண்டன் பிரிட்ஜும் பே ஆஃப் ஐலண்ட்ஸும் மிச்சம். லண்டன் பிரிட்ஜ் 1990 ஜனவரி வரை கரையோடு ஒட்டிய இரட்டைப் பாறை வளைவாக இருந்தது. கரைப்பக்க வளைவு திடீரென விழுந்ததில் இரண்டு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பார்க்கக் கால் மணி போதும். பே ஆஃப் ஐலண்ட்ஸ் பீட்டர்பரோ ஊரைத் தாண்டி இருப்பதால் அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு. தூண்களும் திட்டுகளும் விரிகுடா முழுக்கச் சிதறிக் கிடக்க, நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். அன்றே மெல்பர்ன் திரும்பாமல் பக்கத்து ஊரான போர்ட் கேம்ப்பெல்லில் இரவு தங்குகிறவர்கள் இதை விடவே கூடாது.

அப்புறம் வெளிச்சம். அப்போசல்ஸ் மேடையில் மேற்குப் பக்கத் தூண்களைப் பார்க்கும்போது, காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் பாறையின் மஞ்சள் நிறம் துலங்கும். மாலையில் அதே தூண்கள் கருநிழலாகத் தெரியும். அந்தி மயங்கும்வரை காத்திருந்தால் கீழே மணலில் சின்னஞ்சிறு பென்குயின்கள் கரையேறுவதையும் பார்க்க வாய்ப்புண்டு. அதற்குக் காத்திருந்தால், திரும்பும்போது வளைவுகள் நிறைந்த கடலோரச் சாலையை இருட்டில் பிடிக்காதீர்கள். கோலாக் ஊர் வழியாகக் கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகும் சாலை நேரத்தையும் மிச்சம் பிடிக்கும்.