ஸ்ட்ரட் மாற்ற மூன்று வழிகள்: ஸ்பிரிங்கை யாரிடம் விடுவது?

காரின் ஷாக் அப்சார்பர்களை வீட்டிலேயே மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது எந்த பிராண்டு நல்லது, கேஸ் வாங்குவதா ஆயில் வாங்குவதா என்பதைத்தான். அது பிறகு பார்க்கவேண்டிய விஷயம். முன்பக்க ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கையும் சுமந்து சக்கரத்தையும் பிடித்திருக்கும் ஷாக்) பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதைச் சுற்றி அழுத்திக் கட்டி வைத்திருக்கும் ஸ்பிரிங்கை யார் கழற்றி மாட்டப் போகிறார்கள் என்பது. செலவு, நேரம், ஆபத்து மூன்றுமே இதை வைத்துத்தான் மாறும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, புது ஸ்ட்ரட்டை மட்டும் வாங்கி, பழைய ஸ்பிரிங்கை நீங்களே கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு மாற்றுவது. இரண்டு, ஸ்பிரிங், மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரின் உடலோடு பிணைக்கும் பாகம்), பேரிங் எல்லாம் பூட்டியே வரும் முழு செட்டை வாங்கி அப்படியே மாட்டுவது. மன்ரோவின் குயிக் ஸ்ட்ரட், கேஒய்பியின் ஸ்ட்ரட் பிளஸ் எல்லாம் இந்த வகை. மூன்று, ஸ்ட்ரட்டை நீங்கள் கழற்றி, ஸ்பிரிங் மாற்றும் வேலைக்கு மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், திரும்ப நீங்களே மாட்டுவது. இந்த மூன்றாவது வழியை அதிகம் பேர் யோசிப்பதே இல்லை. என் ஓட்டு அதற்குத்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பின்பக்கம்

பல கார்களில் பின்பக்கம் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. அப்படி இருந்தால் இந்த அலசலே தேவையில்லை, வீட்டிலேயே செய்யுங்கள். மேலே ஒரு நட்டு, கீழே ஒரு போல்ட். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சில கார்களில் ஆக்ஸில் ஓர் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடித்து வைத்திருப்பதே அந்த ஷாக்தான். போல்ட்டை உருவியதும் ஆக்ஸில் தொங்கும், பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங் நழுவி வெளியே வரும். ஆக்ஸிலுக்குக் கீழே இன்னொரு ஜாக்கி கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகு மறுபக்கத்துக்குப் போங்கள். பின்பக்கமும் ஸ்பிரிங்கோடு சேர்ந்த கட்டமைப்பாக இருந்தால், கீழே முன்பக்கத்துக்குச் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஸ்ட்ரட் ஏன் வேறு கதை

ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும். ஸ்ட்ரட் அதோடு சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கவும் செய்கிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இந்த அமைப்பை 1950-இல் வந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள் பரவலாக்கின. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல்கை ஒன்றை மிச்சப்படுத்திவிட்டு, அதன் வேலையை ஸ்ட்ரட்டிடமே கொடுத்ததுதான் அதிலுள்ள சாமர்த்தியம். அதனால் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரக் கோணமும் கலையும். மூன்று வழிகளில் எதில் போனாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் செலவு உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் "வீட்டில் செய்தால் இவ்வளவு மிச்சம்" என்று சொல்வது பாதிக் கணக்கு.

இன்னொன்று ஸ்பிரிங்கின் விசை. சாதாரண சிறிய காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 300 கிலோ பாரம் இருக்கும். அதைத் தாங்குவது அந்த ஸ்பிரிங்தான். ஜாக்கியில் தூக்கி ஸ்ட்ரட்டைக் கழற்றிய பிறகு அழுத்தம் குறையும், ஆனால் போய்விடாது. ஸ்ட்ரட் முழுதாக நீண்ட நிலையிலும் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது உச்சியிலுள்ள நடு நட்டு ஒன்றே. கம்ப்ரஸர் போடாமல் அதை அவிழ்த்தால் மவுண்ட் முகத்தை நோக்கிப் பாயும்.

வழி ஒன்று: கம்ப்ரஸரும் நீங்களும்

பாகங்களுக்கு ஆகும் செலவு இதில்தான் குறைவு. காரோடு வந்த ஸ்பிரிங்கே திரும்பப் போவதால் உயரமும் மாறாது. ஒரே மாடலிலேயே டீசலுக்கு ஒரு ஸ்பிரிங், பெட்ரோலுக்கு ஒரு ஸ்பிரிங் என்று இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. பழைய ஸ்பிரிங் உடையாமல், நுனியில் துரு அரிக்காமல் இருந்தால் அதை மாற்றக் காரணமே இல்லை.

குறை என்று சொன்னால் கம்ப்ரஸர்தான். வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நீள போல்ட்டும் கொக்கிகளும் உள்ள வகை. எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இதில் சில சுற்று, அதில் சில சுற்று என்று மாற்றி மாற்றித் திருக வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இறுகினால் ஸ்பிரிங் வில்லாக வளையும், கொக்கி நழுவும். கொக்கிக்குப் பாதுகாப்புப் பின் இல்லாத மலிவு வகையைத் தொடவே வேண்டாம். இம்பாக்ட் கன் (தானே சுழற்றி இறுக்கும் கருவி) வைத்துத் திருகுவதும் வேண்டாம். மரை சூடாகித் தேய்ந்து, அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது வழுக்கும். குறுகலான ஸ்பிரிங்குகளில், மேல்தட்டுக்கும் சுருளுக்கும் இடையே கொக்கி உட்கார இடமே இருக்காது. அந்தக் காரில் இந்த வழியை மறந்துவிடலாம்.

ஸ்பிரிங் தட்டுகளுக்கு நடுவே கையால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகே நடு நட்டைத் தொடலாம். ஸ்ட்ரட்டின் நடு ராடு கூடவே சுற்றினால் அதன் நுனியில் ஆலன் கீ போட்டுப் பிடிக்க வழி இருக்கும். பளபளப்பான ராடை பிளையரால் பிடித்தால் அதில் கீறல் விழும். அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும், புது ஸ்ட்ரட் சீக்கிரமே எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்.

மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் ஆகியவற்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். இவ்வளவு கழற்றிவிட்டுப் பழைய பேரிங்கையே போட்டு, ஸ்டீயரிங் திருப்பும்போது "டக் டக்" என்று கேட்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். ஆனால் இவற்றையும் சேர்த்துக் கூட்டினால், முழு செட்டுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். கூட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வழி இரண்டு: முழு செட்

சௌகரியத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேலே மூன்று நட்டு, கீழே நக்கிளில் (சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பாகம்) இரண்டு போல்ட், ஸ்டெபிலைசர் லிங்க், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் மாட்டியிருக்கும் கிளிப். இவ்வளவுதான். கம்ப்ரஸர் வேண்டாம், ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். உச்சியின் நடு நட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது.

இதன் பலவீனம் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஒரு செட்டைப் பல வேரியன்ட்டுகளுக்குப் பொருந்தும்படி விற்பார்கள். ஏசி, எஞ்சின், கியர்பாக்ஸ் என்று முன்பக்க எடை மாறும்போது காரின் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் மாறும். பொதுவான ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் சரியாக இருக்க முடியாது. மாட்டியதும் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்பது, சின்னப் பள்ளத்துக்கே தூக்கிப் போடுவது போன்ற புகார்களுக்கு ஷாக்கைவிட ஸ்பிரிங்தான் அடிக்கடி காரணம். மவுண்ட்டும் பேரிங்கும் எந்தத் தரம் என்பது பெட்டிக்கு வெளியிலிருந்து தெரியாது. பெயர் தெரியாத மலிவு செட்டுகளில் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அப்படியானால் யாருக்கு இது? ஸ்பிரிங் உடைந்தவர்களுக்கு, துரு அரித்தவர்களுக்கு, பாரம் ஏற்றி ஏற்றிக் கார் அமுங்கிப் போனவர்களுக்கு. எப்படியும் ஸ்பிரிங் வாங்கத்தான் வேண்டும் என்றால் முழு செட்டில் அர்த்தம் இருக்கிறது. நல்ல நிறுவனத்துடையதாக, உங்கள் எஞ்சின் வேரியன்ட்டுக்கான பாக எண் பார்த்து வாங்குங்கள்.

வழி மூன்று: கழற்றுவது நாம், ஸ்பிரிங் அவர்கள்

பட்டறையில் ஸ்டாண்டோடு கூடிய கம்ப்ரஸர் இருக்கும். ஸ்ட்ரட்டை அதில் நிறுத்திப் பூட்டினால் ஸ்பிரிங் நேராக அமுங்கும். பழகிய கைக்கு ஒரு ஸ்ட்ரட் சில நிமிட வேலை, அதனால் கூலியும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். ஒரிஜினல் ஸ்பிரிங் தங்குகிறது, உயரம் மாறுவதில்லை, நல்ல ஸ்ட்ரட்டாக நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கலாம், ஆபத்தான அந்த ஒரே கட்டம் மட்டும் சரியான கருவி உள்ளவரிடம் போகிறது. வீட்டில் மெக்கானிக் வேலை பார்ப்பவரின் தன்மானத்துக்குக் கொஞ்சம் இடிக்கும். இடிக்கட்டும்.

தொந்தரவு இல்லாமல் இல்லை. ஸ்ட்ரட் இரண்டும் பட்டறைக்குப் போயிருக்கும்போது கார் ஜாக்கி ஸ்டாண்டின் மேல் நிற்கும், அவற்றைக் கொண்டுபோக வேறு வண்டி வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பாகத்தைத் தொடமாட்டோம் என்கிற பட்டறைகளும் உண்டு. கழற்றுவதற்கு முன்பே பேசி வையுங்கள், கழற்றிய பிறகு அலைய முடியாது.

கொடுக்கும் முன் பெயின்ட் பேனாவால் அடையாளம் போடுங்கள்: இடது எது, வலது எது, மவுண்ட்டின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது, ஸ்பிரிங்கின் நுனி எங்கே முட்டுகிறது. சில கார்களில் இடது வலது ஸ்பிரிங்குகளே வேறு. மவுண்ட் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டால் மேல் போல்ட்டுகள் துளையில் இறங்காது.

எந்த வழியானாலும்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். நக்கிள் போல்ட்டுகளில் கோணம் திருத்தும் வகை இருந்தால் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட் கழன்றதும் நக்கிளின் தலை வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டாவிட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் பிரிந்துவிடலாம், பிரேக் ஹோஸ் முறுகலாம். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போதும் வளைவிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பூட்டு நட்டுகளைப் புதிதாகப் போட்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தைச் சக்கரத்தில் பாரம் விழுந்த பிறகு கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும்.

எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள ஷாக்கோ ஏர் சஸ்பென்ஷனோ இருந்தால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண ஸ்ட்ரட்டைப் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

கேஸா, ஆயிலா?

கேஸ் ஷாக்கிலும் ஆட்டத்தை அடக்குவது ஆயில்தான். ஆயில் நுரைத்துப் போகாமல் இருக்கத்தான் நைட்ரஜன். குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக்குழாய் வகையில் அது குறைந்த அழுத்தத்தில் இருக்கும், ஒற்றைக்குழாய் வகையில் 20 பாருக்கு (bar, அழுத்த அளவு) மேல். ஒற்றைக்குழாய் கேஸ் ஷாக்கை பில்ஸ்டைன் 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸுக்காக உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சூட்டை நன்றாகத் தாங்கும், வேகமான ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் விறைப்பாகத் தோன்றும், அந்த ஒரே குழாயில் கல்பட்டு ஒடுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கும். மோசமான சாலையில் குடும்பத்தோடு போகிற காருக்கு இரட்டைக்குழாய் கேஸ் போதும். காரோடு வந்தது எந்த வகையோ அதையே வாங்குவது தப்பில்லாத முடிவு. இரட்டைக்குழாய் வகையை மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுதாக அழுத்தி நீட்டுங்கள். படுக்கப் போட்டு வைத்திருந்ததில் உள்ளே புகுந்த காற்று மேலே போகும்.

வேலையைத் தொடங்கும் முன் சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் அது ஸ்பிரிங் தேர்வின் விளைவு. ஒரு பக்கம் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறியிருந்தால், அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் அந்தப் பக்க ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டின் படியில் சரியாக முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.