டிக்கியில் கிடந்த பேஸ் முன்னாடி வந்தது

ஸ்விஃப்ட் காரில் 10 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டவர்கள் பலரும் சொல்கிற குறைதான் எனக்கும்: அதிர்வு இருக்கிறது, ஆனால் எல்லாம் முதுகுக்குப் பின்னால். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் முதலில் கேட்ட கடையில் “12 இஞ்ச் மாத்திடுங்க சார்” என்றார்கள். விற்கத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்! அடுத்த சந்தில் இருந்த சின்னக் கடையில் ட்யூனிங் மட்டும் போதும் என்றார்கள். கூலி 1,500 ரூபாய்.

ட்யூன் செய்த தம்பி முதலில் எடுத்தது இஞ்ச் டேப். டிரைவர் சீட்டில் தலை இருக்கும் இடத்திலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 90 செ.மீ., இடது 135, டிக்கியில் சப் 180. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வர வேண்டும்; ஆக, தூரத்தில் இருக்கும் சப்புக்கு டிலே (தாமதம்) பூஜ்ஜியம். கிட்டே இருப்பவை அதற்காகக் காத்திருக்க வேண்டும். வலதுக்கு 2.6, இடதுக்கு 1.3 மில்லிசெகண்ட் வைத்தார்.

அப்புறம் ஃபேஸ், அதாவது ஸ்பீக்கர்கள் ஒரே சமயத்தில் தள்ளி இழுக்கின்றனவா என்பது. கிராஸ்ஓவர் (சப்பும் கதவு ஸ்பீக்கரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) 80 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் சப்பும் கதவு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடுகின்றன; ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் காணாமல் போகும். 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு சப்பின் ஃபேஸை 0, 180 டிகிரி என்று மாற்றிக் காட்டினார். 180-ல் சத்தம் சட்டென்று ஏறி, உள் கண்ணாடி நடுங்கியது. “வயர் மாத்தி மாட்டிருக்கா?” என்று கேட்டேன். “இல்லண்ணா, ரெண்டு பக்கமும் ஃபில்டர் 12 டிபி ஸ்லோப், அதாவது எல்லைக்கு அப்பால சத்தத்தை வெட்டுற வேகம். ஃபில்டரே 180 டிகிரி திருப்பிடும்” என்றார். தெரிந்த கை.

ஒரு மிருதங்கத் தனி போட்டுக் கேட்டேன். முன்பு வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) கண்ணாடிப் பக்கமும் தொப்பி (பேஸ் வரும் இடது முகம்) டிக்கியிலுமாக, இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். இப்போது ஒரே மிருதங்கம், ஸ்டியரிங்குக்கு முன்னால். சப் வால்யூமை இரண்டு புள்ளி குறைத்தும் அடி குறையவில்லை.

குறைகளும் உண்டு. எல்லாம் டிரைவர் காதுக்கு வைத்த கணக்கு. பக்கத்து சீட்டில் வீட்டம்மாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செட்டிங்கை எழுதியும் தரவில்லை, நானாகத்தான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பேட்டரி கழற்றினால் சில ஸ்டீரியோக்களில் அத்தனையும் அழிந்துவிடும்.

போகும் முன் உங்கள் ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் (இந்த டிலே வைக்கும் வசதி) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனியாக டிஎஸ்பி (அந்த வேலையைச் செய்யும் ஒலிக் கருவி) வாங்க வேண்டும், அது வேறு பட்ஜெட்.