உவர்மலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கான இசை வகுப்பும் அவர்களின் இசை நாடகமும்: ஒரு மதிப்பீடு

திருகோணமலை உவர்மலையில், ஒரு வீட்டின் மேல்மாடியில், வார இறுதிகளில் நடைபெறும் சிறுவர் இசை வகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. தரம் 1 முதல் தரம் 5 வரையுள்ள பிள்ளைகளை மட்டுமே இங்கு சேர்த்துக்கொள்கிறார்கள். ஆண்டின் முற்பகுதியில் வாய்ப்பாட்டும் தாளமும் கற்பித்து, பின்னர் அதே பிள்ளைகளைக் கொண்டு ஏறக்குறைய முக்கால் மணி நேர இசை நாடகமொன்றைத் தயாரித்து, மாரி மழை தொடங்குவதற்கு முன் நகரத்து மண்டபமொன்றில் மேடையேற்றுகிறார்கள். என் மகள் தரம் 3இல் படிக்கிறாள். பெற்றோர் பின்வரிசைக் கதிரைகளில் இருந்து வகுப்பைப் பார்க்கலாம் என்ற அனுமதி இங்கு உண்டு. அதனால் நான் எழுதுவதில் பெரும்பகுதி நேரில் கண்டதும் கேட்டதுமாகும்.

இப்படியொரு வகுப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை வெளியூர் வாசகர்களுக்காக ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். நமது பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் சங்கீதம் தனிப் பாடமாக இல்லை. பாட்டும் ஆட்டமும் ஏனைய செயற்பாடுகளுக்குள் கலந்து வருகின்றன. வகுப்பாசிரியைக்குப் பாட்டில் நாட்டம் இருந்தால் பிள்ளைகள் பாடுவார்கள், இல்லாவிட்டால் கைதட்டலோடு முடிந்துவிடும். அழகியற் பாடங்களுள் சங்கீதத்தையோ நடனத்தையோ சித்திரத்தையோ நாடகத்தையோ தெரிவுசெய்யும் வாய்ப்பு தரம் 6இல்தான் கிடைக்கிறது. அதற்குள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்து பிள்ளையின் மாலை நேரங்களையெல்லாம் விழுங்கிவிடுகிறது. தமிழ்த் தினப் போட்டி நெருங்கும்போது பாடத் தெரிந்த சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவிப்பதும், எஞ்சியவர்கள் பார்வையாளராக இருப்பதும் நாம் எல்லோரும் அறிந்த நடைமுறை.

வகுப்பை நடத்தும் ஆசிரியை மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கற்றவர். திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடிய பதிகத்தில் ஒரு பாடலோடு வகுப்பு தொடங்கும். புறநீர்மைப் பண்ணில் அமைந்த அந்தப் பதிகத்தை இன்று பூபாள இராகத்தில் பாடுவது வழக்கம். மூத்த பிள்ளைகள் பாட, சிறியவர்கள் தாளம் மட்டும் போடுகிறார்கள். முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் வருகிறார்கள்; பாடும்படி அவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை, ஆனால் தாளத்தில் அவர்களின் கையும் சேர்ந்துகொள்கிறது.

தொடக்கச் சுரப் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குவதே நம்மிடையே நிலைபெற்ற முறை. இங்கு அந்த வரிசை வருவதற்கு முன், சில மாதங்கள் மோகன இராகத்தில் மட்டும் பிள்ளைகளைப் பாடவைக்கிறார்கள். மரபை மீறுகிறார்களோ என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் காரணம் நியாயமானது. மாயாமாளவகௌளையில் ச-ரி, க-ம, ப-த, நி-ச என்ற நான்கு இடங்களிலும் இரண்டு சுரங்கள் மிக நெருங்கி நிற்கின்றன. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த நெருக்கம் காதில் பிடிபடுவதற்குள் வாய் பாடிவிடுகிறது, பாடிய பிழையே பழக்கமாகிவிடுகிறது. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்கிடையில் அத்தகைய நெருக்கம் எங்குமே இல்லை. பிள்ளை சற்றுத் தடுமாறினாலும் பக்கத்துச் சுரத்தில் போய் விழுந்துவிடாது. மோகனம் பிடிபட்ட பின்னர், முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் அமைத்த நோட்டுஸ்வரங்களில் ஒன்றிரண்டைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கமகம் எனப்படும் சுர அசைவு ஏதுமின்றி நேராக நடக்கும் மெட்டு என்பதால் பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மாயாமாளவகௌளை அதன் பிறகுதான்.

சுருதியைக் கற்பிக்கும் விதமே இந்த வகுப்பின் சிறப்பு என்பேன். மோகனத்தில் ஒரு வரியைப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போது ஆதார ஒலியைத் தொடர்ந்து தரும் சுருதிப்பெட்டியை ஆசிரியை நிறுத்திவிடுகிறார். "நான் பெட்டியை நிப்பாட்டுவன், நீங்க நிப்பாட்டக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவைத்திருப்பார். பிள்ளைகள் அந்த வரியை முடித்து ஷட்ஜத்தில் ("ச" என்ற சுரத்தில்) நீட்டி நிற்கும் வேளையில் பெட்டி மறுபடியும் ஒலிக்கும். சுருதி விலகியிருந்தால் அந்தக் கணத்தில் அவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டும்: யாரும் எதுவும் சொல்லாமலே புருவங்கள் சுருங்கும், இரண்டு மூன்று குரல்கள் தாமாகவே மேலேறிச் சரியான இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். "பிழை" என்ற சொல் அங்கு வருவதேயில்லை. வீட்டிலும் என் மகள் சமையலறை மின்விசிறியின் இரைச்சலோடு சுருதி சேர்த்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள், அது வேறு கதை.

தாளத்துக்குச் சொற்கட்டுகள். "தகிட" என்று மூன்று, "தகதிமி" என்று நான்கு, "தகதகிட" என்று ஐந்து. காலால் நடந்தபடி வாயால் சொல்ல வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை, அதாவது எண்ணிக்கைகளை, கையில் போடத் தெரிந்த பிள்ளைகளிலும் பலர் அதற்கேற்ப நடக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். மேடையில் பாடிக்கொண்டே அசைய வேண்டியவர்களுக்கு இந்தப் பயிற்சி தொடக்கத்திலிருந்தே அவசியம் என்பதை, நாடகத்தின் ஒத்திகைகள் ஆரம்பித்த பிறகுதான் பெற்றோர் உணர்கிறார்கள்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். சிறுவர் அரங்கு ஈழத்துத் தமிழருக்குப் புதிதல்ல, நாடகாசிரியர்களான குழந்தை ம. சண்முகலிங்கம், சி. மௌனகுரு போன்றோர் ஆடலும் பாடலும் கலந்து வளர்த்த துறை அது. ஆயினும் இன்று சிறுவர் நிகழ்ச்சி என்றாலே சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பிள்ளைகளை வாயசைக்கவும் ஆடவும் வைப்பது என்றாகிவிட்டது. அந்தப் பாட்டுகள் வளர்ந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ உரிய சுருதியில் பதிவானவை. ஒலிப்பதிவோடு சேர்ந்து பாடச் சொன்னால், பிள்ளைகள் கீழ்ச் சுரங்களில் முணுமுணுப்பார்கள், மேற்சுரங்களில் கத்துவார்கள். தொடர்ந்து கத்தினால் குரல் கரகரத்துப்போகும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். இந்த வகுப்பில் நாடகப் பாட்டுகள் எல்லாமே பிள்ளைகளுக்கென்று எழுதி மெட்டமைத்தவை. ஆதார ஷட்ஜத்தை 6 கட்டையில் (மேலைநாட்டு முறையில் A சுரத்தில்) வைத்து, அதற்குக் கீழுள்ள மந்தர ஸ்தாயிக்குள் இறங்காமலும் மேல் ஷட்ஜத்தைப் பெரிதாகத் தாண்டாமலும் ஒரே ஸ்தாயிக்குள் மெட்டுகளை அடக்கியிருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் எட்டு வயதுப் பிள்ளையின் குரல் சிரமமின்றித் தெளிவாக ஒலிக்கிறது.

கதையும் நம் ஊர்க் கதை. பிரெட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமான்களை அறியாதவர் இங்கு இல்லை. அவை நகருக்குள் வந்து குப்பையோடு பொலித்தீன் பைகளையும் மெல்வதும் நாம் நாளாந்தம் காண்பதுதான். கோட்டையை விட்டு வெளியே வந்து பேருந்து நிலையத்தில் வழிதவறி நிற்கும் ஒரு மான்குட்டியைச் சுற்றிக் காகங்கள், மீன் விற்பவர்கள், பேருந்து நடத்துநர், பாடசாலைப் பிள்ளைகள் என்று பாத்திரங்களை அமைத்திருந்தார்கள். எடுத்துரைஞர்கள் இருவரும் தரம் 4 மாணவிகள். பேருந்து நிலையக் காட்சி தரு எனப்படும் கூத்துப் பாட்டின் சாயலில், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அமைந்திருந்தது. நடத்துநராக வந்த சிறுவன் "நிலாவெளி, குச்சவெளி" என்று ஊர்ப் பெயர்களைத் தாளம் தப்பாமல் கூவியபோது மண்டபமே சேர்ந்து கைதட்டியது. காகங்களின் வாக்குவாதத்தை நோட்டுஸ்வரத்தின் நடையில் அமைத்ததும் நல்ல யோசனை. தாய்மானின் தாலாட்டை நீலாம்பரியில் வைத்ததை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த இராகத்தின் அழகு அதன் கமகங்களில் இருக்கிறது, அவை பத்து வயதுக்குள் எட்டுபவை அல்ல. வகுப்பிலேயே மூத்த மாணவி பாடியும் சுரங்கள் பல இடங்களில் வழுக்கின. நம் அம்மம்மாக்கள் பாடும் நாட்டார் தாலாட்டு மெட்டொன்றே போதுமாயிருந்திருக்கும்.

பாத்திரங்களைப் பகிர்ந்த முறை பாராட்டுக்குரியது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாட்டுகளையும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். யார் மான், யார் காகம் என்பது மேடையேற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போதுதான் அறிவிக்கப்படுகிறது. அதனால் "என் பிள்ளைக்கு ஏன் பெரிய பாத்திரம் தரவில்லை" என்ற பெற்றோர் சச்சரவு கணிசமாகக் குறைகிறது என்பதோடு, காய்ச்சலில் ஒரு பிள்ளை படுத்தபோது இன்னொருத்தி ஒரே நாளில் அந்த இடத்தில் நிற்கவும் முடிந்தது. மான்குட்டியின் பாத்திரத்தை இருவர் பகிர்ந்துகொண்டார்கள், முன்பாதிக்கு ஒருத்தி, பின்பாதிக்கு மற்றவள். கூச்சத்தால் வாய் திறக்காத ஒரு சிறுவனைப் பாடகர் குழுவின் நடுவில், உரத்துப் பாடும் இருவருக்கிடையில் நிறுத்தினார்கள். தனியாகப் பாடும்படி கடைசிவரை அவனைக் கேட்கவேயில்லை. மேடையேற்றத்தன்று அவன் பாடினான்.

ஒத்திகையில் கூடத்தின் நிலத்தில் மேடையின் நீள அகலத்தை நிறப்பட்டியால் குறித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எங்கிருந்து எங்கு நகர்வது என்பதை முதலில் பாட்டின்றி நடக்கவைத்து, பிறகு பாட்டை மட்டும் நின்றபடி பாடவைத்து, இரண்டும் தனித்தனியே படிந்த பின்னரே சேர்க்கிறார்கள். ஓடிவந்து நின்றவுடன் பாட வேண்டிய இடங்களில், மூச்சை இழுத்துக்கொள்ள இரண்டு அட்சர இடைவெளியை மெட்டிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மேல்மாடி அனலாகக் கொதிக்கிறது. மின்விசிறிகளைப் போட்டால் சுருதி கேட்காது, நிறுத்தினால் பிள்ளைகள் வியர்த்து வாடிவிடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம். மாதக் கட்டணம் 2,500 ரூபா என்றுதான் சேரும்போது சொல்கிறார்கள், வேட உடைக்கும் மண்டப வாடகைக்குமாக மேலும் 4,500 ரூபா கொடுக்க வேண்டியிருக்கும் என்பது ஒத்திகை தொடங்கிய பிறகுதான் தெரியவருகிறது. தொகை அநியாயமானதல்ல, முன்கூட்டியே சொல்லாததுதான் பிழை. கடைசி இரு வாரங்களில் ஒத்திகைகள் இரவு எட்டு மணியைத் தாண்டின. நேர மாற்றங்களை வட்ஸ்அப் குழுவில் புறப்படும் வேளையில் அறிவிப்பதும், அந்த அறிவிப்பு நன்றிச் செய்திகளுக்கும் பூங்கொத்துப் படங்களுக்கும் அடியில் புதைந்துபோவதும் வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரும் தொல்லை.

எனது பெரிய மனக்குறை மேடையேற்றத்தின் ஒலியமைப்பு பற்றியது. மாதக்கணக்கில் பக்குவமாகக் கேட்கவும் அளவாகப் பாடவும் பழக்கிய குரல்களை, வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிக்காரர் கீபோர்டுக்கும் மின்னணுத் தாளக் கருவியான ஒக்டபாட்டுக்கும் கீழே அமிழ்த்திவிட்டார். பாடகர் குழுவுக்கு இரண்டே ஒலிவாங்கிகள். அவையும் உயரமான தாங்கிகளில், பிள்ளைகளின் தலைக்கு மேலே நின்றன. ஒலியைக் கூட்டியபோது விசிலடித்தது, குறைத்தபோது பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். மண்டபத்தில் பிள்ளைகளோடு ஒரு முழு வெள்ளோட்டத்தை ஒலிவாங்கிகளை வைத்தே நடத்தியிருந்தால் இவை எல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் கஞ்சிராவும் மட்டும் போதும் என்று பெற்றோர் சிலர் கேட்டதற்கு, அடுத்த முறை பார்க்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

தரம் 1 முதல் 4 வரையுள்ள பிள்ளைகளை, பாட வரும் வராது என்று பாராமல் சேர்க்கலாம். தரம் 5 பிள்ளைகளுக்கு ஒத்திகைக் காலமும் புலமைப்பரிசில் ஆயத்தமும் மோதும். சென்ற முறை மூவர் இடையில் விலகினார்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் பிள்ளையை விரைவாகத் தயார்ப்படுத்த விரும்புவோர் வேறு இடம் பார்ப்பதே நல்லது, ஏனெனில் நாடகம் தொடங்கியதும் வரிசைகள், அலங்காரங்கள் என்ற அடிப்படைப் பயிற்சிகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. புதிய பிள்ளைகளைத் தை மாதத்தில் சேர்க்கிறார்கள். முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை, பெற்றோரும் கூட இருந்து பார்க்கலாம்.

நாடகத்தின் காணொளியை 1,500 ரூபாவுக்கு விற்கிறார்கள். மேற்சொன்ன ஒலியே அதிலும் பதிவாகியிருப்பதால் வாங்க வேண்டாம். மேல்மாடியில் ஆர்மோனியத்தோடு மட்டும் நடந்த கடைசி ஒத்திகையைத் தொலைபேசியில் பதிவுசெய்த பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், கேட்டால் அனுப்புவார்கள்.