ஈரக்காற்று ஊரில் ஒரு கென்வூட் டி.எஸ்.-520எஸ்

பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் பழைய அமெச்சூர் ரேடியோ செட்டுகளை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவது எனக்குப் பல வருஷப் பழக்கம். வீட்டில் இப்போது நான்கைந்து இருக்கின்றன. தினமும் கை போவது என்னவோ கென்வூட் டி.எஸ்.-520எஸ் மேல்தான். 1970களில் வந்த செட்; பத்து வருஷத்துக்கு மேலாக என்னிடம் ஓடுகிறது. நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட். சுற்றிலும் செம்பனை, மிச்சம் மீதி பால்மரம், மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும். இந்த ஊரில் இப்படி ஒரு செட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் மூடி வைத்துக் காப்பாற்ற முடியாது, ஓட்டித்தான் காப்பாற்ற வேண்டும்.

இதை ஹைபிரிட் செட் என்பார்கள். உள்ளே பெரும்பாலும் டிரான்சிஸ்டர்; ஆண்டெனாவுக்குப் பவர் தள்ளும் கடைசி இடத்தில் மட்டும் வால்வு, அதாவது பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாய். சிக்னலை ஏற்றிக் கொடுக்கும் டிரைவராக ஒரு 12பிஒய்7ஏ, கடைசிப் பவரைத் தரும் பைனலாக இரண்டு எஸ்2001ஏ. இந்த எஸ்2001ஏ-வுக்குப் பதிலாக 6146பி போடலாம். மாற்றியதும் நியூட்ரலைசேஷன் (வால்வு தானாக அலை எழுப்பாமல் தடுக்கும் அமைப்பு) மட்டும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 6146பி ஒரு காலத்தில் எக்கச்சக்கமாகத் தயாரான வால்வு என்பதால் இன்றும் தேடினால் கிடைக்கிறது. அதே காலத்து யாஎசு (Yaesu) கம்பெனியின் எப்.டி.-101இ-யும் அருமையான செட்தான். ஆனால் அதில் இருப்பது 6ஜேஎஸ்6சி, பழைய டிவி பெட்டிக்கென்று செய்த வால்வு. அதை இப்போது தேடிப் பிடிப்பதும் கஷ்டம், விலையும் ஏறிவிட்டது. முதல்முறையாகப் பழைய செட் வாங்குகிறவருக்கு நான் 520எஸ்-ஐச் சொல்வதற்கு இதுதான் காரணம். இன்னும் பிந்தைய காலத்துச் செட்டுகளில் அந்தக் கம்பெனியே தனக்கென்று செய்துகொண்ட சிப் ஒன்று போனால் செட்டே போச்சு. 520எஸ்-இல் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் வீட்டு மேசையிலேயே பார்த்துவிடலாம்.

இதன் உண்மையான எதிரி வயசு இல்லை, ஈரம். பேண்டை, அதாவது அலைவரிசைப் பகுதியை, மாற்றும் பேண்ட் சுவிட்ச் என்று ஒரு நீளமான தண்டு உள்ளே ஓடும். அதில் வரிசையாக வட்டத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளி முலாம் பூசிய சின்னச் சின்ன நாக்குகள். சில மாதம் திருப்பாமல் விட்டால் அந்த நாக்குகள் கறுத்துப் போகும். 20 மீட்டர் பேண்டில் நன்றாகக் கேட்கும் செட் 40 மீட்டர் பேண்டில் ஊமையாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து ரிசீவர் போர்டு போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். காண்டாக்ட் கிளீனரை நேரே பீய்ச்சி அடிக்காமல், ஒரு காகிதத் துண்டை நனைத்து நாக்குக்கும் தட்டுக்கும் நடுவில் மெதுவாக இழுக்க வேண்டும். கறுப்பு காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரியும். பீய்ச்சினால் மருந்து தட்டுக்குள் ஊறி, பக்கத்துக் காயில்களிலும் படிந்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் பல்லி. மேல்மூடியின் காற்றுத் துளை வழியாகப் போய் டிரான்ஸ்பார்மர் சூட்டுக்குப் பக்கத்தில் முட்டை வைக்கும். குளவியும் மண்கூடு கட்டும். ஓட்டாத நேரத்தில் மெல்லிய துணி ஒன்றைப் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.

ஜப்பானிலிருந்து நேராக வந்த செட் என்றால் அது அங்குள்ள 100 வோல்ட் மின்சாரத்துக்கு அமைத்ததாக இருக்கலாம். நம் வீட்டு பிளக்கில் அப்படியே செருகினால் அங்கேயே கதை முடிந்தது. பின்பக்கம் எத்தனை வோல்ட்டுக்கு அமைத்திருக்கிறது என்று பார்க்காமல் செருகவே கூடாது. பார்த்த பிறகும் முதல் தடவை, கரண்ட் போகும் வழியில் தொடராக ஒரு பழைய குண்டு பல்பை வைத்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம், டிரைவருக்கும் பைனலுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கப்ளிங் கப்பாசிட்டர். அது கசிந்தால் டிரைவரின் உயர்ந்த வோல்ட்டேஜ் பைனல் கிரிட்டுக்கு (வால்வைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) போய், நல்ல வால்வு இரண்டும் சிவந்து போகும். சில காசு பெறாத ஒரு கப்பாசிட்டருக்காக ஜோடி வால்வைக் கொடுக்க வேண்டாம்.

பழகிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, "அண்ணே, பிளக்கைப் பிடுங்கிட்டா கை வைக்கலாமா?" என்று கேட்டான். "பிடுங்கினாலும் வைக்காதே தம்பி. செட்டின் மீட்டரை எச்.வி.-யில் (உயர் வோல்ட்டேஜில்) போட்டு, முள் கீழே இறங்குகிற வரைக்கும் பாரு. அப்புறமும் மல்டிமீட்டரால் ஒரு தடவை தொட்டுப் பாரு" என்றேன். வால்வுக்குப் போவது 800 வோல்ட் பக்கம். இந்த விஷயத்தில் யாரிடமும் நான் தளர்ந்து பேசுவதில்லை.

ஓட்டுவதற்கு இது சுகமான செட். டிரைவ், பிளேட், லோட் என்று மூன்று குமிழ். பிளேட்டைத் திருப்பும்போது கரண்ட் முள் சட்டென்று பள்ளத்தில் விழும் இடம் ஒன்று உண்டு. அதைப் பிடித்து, லோடைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி பள்ளத்தைப் பிடிக்க வேண்டும். சில வினாடிகளில் முடிக்க வேண்டிய வேலை. இழுத்துக்கொண்டே இருந்தால் வால்வின் ஆயுள்தான் குறையும். கேட்க மட்டும் உட்கார்ந்தால் முன்பக்க ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவேன். ரிசீவர் வால்வு இல்லாமலே ஓடும். டிரான்ஸ்பார்மர் சூடு ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ராத்திரி எட்டு மணிக்கு 14.320 மெகாஹெர்ட்ஸில் சீநெட் என்ற தென்கிழக்காசிய அமெச்சூர்களின் வானலைச் சந்திப்பு கூடும். 40 மீட்டர் பேண்டுக்கான டிப்போல் (இரு பக்கம் நீட்டிக் கட்டும் ஆண்டெனா) கம்பி மொத்தம் 20 மீட்டர் நீளம். தோட்டத்துப் பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லை. பட்டணத்து அடுக்குமாடியில் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் போடும் இரைச்சல் இங்கே குறைவு. இந்தியாவிலிருந்து வரும், வி.யு.2 என்று அழைப்புக்குறி தொடங்கும் நிலையங்களின் மெல்லிய குரலைக்கூடப் பிரித்துக் கேட்க முடிகிறது. அந்த வகையில் தோட்டத்து ஊர் எங்களுக்குக் கிடைத்த வரம். இடி வரும் அறிகுறி தெரிந்தால் ஆண்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும், பவர் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. 30, 17, 12 மீட்டர் பேண்டுகள் இதில் கிடையாது. அவை அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டதே 1979 உலக வானொலி மாநாட்டில்தான். போட்டவுடன் அரைமணி நேரம் அலைவரிசை மெல்ல நகரும். எப்.டி.8 (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓட்டுவது என்றால் பவரைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் 13 வினாடி விடாமல் டோன் போவது இந்த வால்வுகளுக்குப் பாரம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உரிமம் கையில் இல்லாமல் மைக்கை அழுத்தவும் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் வெளியே பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பேண்ட் சுவிட்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி ஒவ்வொரு பேண்டிலும் இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து, ஹீட்டரைப் போட்டு வால்வு சூடானதும், டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) மாட்டி, மைக் கெயினைப் பூஜ்யத்தில் வைத்து, செண்டில் (அனுப்பும் நிலையில்) போட்டு ஐ.பி. (பிளேட் கரண்ட்) மீட்டரைப் பாருங்கள். வால்வு சும்மா நிற்கும்போது ஓடும் கரண்டை அமைக்கும் பயாஸ் திருகைத் திருப்பினால் முள் 60 மில்லியாம்பியரில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நிற்காமல் தானாக ஏறிக்கொண்டே போனால் செண்டை உடனே எடுத்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.